உப்புப் பாயசம்

சாம்பசிவன் யாரிடமாவது முகத்துக்கு நேரே 'வேண்டாம்' என்று சொன்னதாக திருவனந்தபுரம் வலியசாலைத் தெருவில் எந்தத் தகவலும் இல்லை. வாசலில் வந்து நிற்கிற விற்பனைப் பையன்களைத் திருப்பி அனுப்ப வாய் வராமல் அவர் வாங்கிப்போட்ட தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின்களே வீட்டில் மூன்று இருந்தன. அவை மூன்றையும் சுற்றிக்கொண்டு போய்த்தான் அவர் மனைவி ஜெயலக்ஷ்மி தினமும் அடுக்களையில் குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்தாள்.

ஆகவே, அவர்களுடைய ஒரே பெண் மீரா ஒரு சாயங்காலம் விழிஞ்ஞம் துறைமுக ஆபீஸிலிருந்து வந்து, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், அங்கே கிரேன் எஞ்சினியராக இருக்கிற ஒரு டச்சுக்காரனைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போவதாகச் சொன்னபோது, அப்பா என்ன பதில் சொல்வார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

"பையன் மரியாதை தெரிஞ்சவனா இருந்தா எனக்கு ஆட்சேபணை ஒண்ணும் இல்லை," என்றார் சாம்பசிவன். கொஞ்சம் யோசித்து, "அந்தக் காலத்துக் குளச்சல் சண்டைல நம்ம மகாராஜா டச்சுக்காராளைத் தோக்கடிச்சிருக்கார். அதை மனசில வெச்சுண்டிருக்காதவனா இருந்தாப் போரும்," என்றும் சேர்த்துக்கொண்டார்.

அடுக்களை வாசலில் நின்ற ஜெயலக்ஷ்மிக்கு இதில் சம்மதமில்லை. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல முடியாத நிலைமை. போன மாதம்தான் கோயில் பிராகாரத்தில் நாலு மாமிகளுக்கு நடுவே நின்று, "இந்தக் காலத்துக் குழந்தைகள் இஷ்டத்துக்கு நாம குறுக்கே நிக்கப்படாது, கேட்டேளா?" என்று பேசியிருந்தாள். அது பக்கத்து வீட்டு நாகேஸ்வரனின் பெண் ஒரு பஞ்சாபிப் பையனைக் கட்டிக்கொண்ட சமயம். அடுத்த வீட்டுப் பெண் விஷயத்தில் பெருந்தன்மைக்கு என்ன குறைச்சல்?

தன் பெண் என்றால் கதை வேறு. மறுநாள் மத்தியானம் யாரும் இல்லாத நேரத்தில் போனில் அந்தப் பையனின் ஊரான ராட்டர்டாமைத் தேடிப் பார்த்தாள். படத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. திருவனந்தபுரத்திலும் மழைதான். ஆனால் இங்கே மழை பெய்தால் மீரா நனைந்துகொண்டு வீட்டுக்குத்தான் வருவாள். அங்கே நனைந்தால் யார் தலை துவட்டுவது? மீராவுக்கு இருபத்தெட்டு வயது, தன் தலையைத் தானே துவட்டிக்கொள்வாள் என்பது வேறு விஷயம்.

சேதி கேட்டு வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி தேற்றினார்கள். "இப்பல்லாம் தூரம்னு உண்டா? வீடியோ கால் இருக்கே!" "ராத்திரி ஏறினா மறுநாள் இறங்கலாம் மாமி." ஜெயலக்ஷ்மியும் "அதானே" என்று தலையாட்டி, காப்பி கொடுத்து அனுப்பினாள். அவர்கள் போன பிறகு டம்ளரைக் கழுவுகிற சத்தம் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது.

இந்தக் கல்யாணம் நடக்கக் கூடாது. ஆனால் தடுத்தவள் அம்மா என்று பெண் சொல்லக் கூடாது. இந்த இரண்டையும் ஒரே கல்லில் அடிக்க வேண்டும்.

இந்த மாதிரி வேலைக்கு ஜெயலக்ஷ்மியைப் போல் தகுதியானவர்கள் ஊரிலேயே குறைவு. ரிட்டயர் ஆகும்வரை அவள் அரசாங்கத்தில் வெளிநாட்டு விருந்தினர்களை உபசரிக்கிற பிரிவில் இருந்தவள். ஜப்பான்காரர் விசிட்டிங் கார்டு நீட்டினால் இரண்டு கையாலும் வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கீழே வைக்க வேண்டும். அரபுக்காரர் கோப்பையை லேசாகக் குலுக்கிக் காட்டுகிறவரை காப்பி ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ரஷ்யாக்காரருக்கு வாசற்படியில் நின்று கை கொடுக்கக் கூடாது, ஒன்று உள்ளே வரவேண்டும் அல்லது வெளியே போகவேண்டும். இதெல்லாம் அவளுக்கு விரல் நுனியில். ஓர் ஊரின் மரியாதை இன்னோர் ஊரில் எப்படி அடிதடியாக மாறும் என்பதைக் கண்ணால் பார்த்தவள்.

டச்சுக்காரர்களையும் பார்த்திருக்கிறாள். ஒருமுறை வந்திருந்த குழுவில் ஒருவரிடம், மேடையை விட்டு இறங்கிய பெரிய மனிதர் ஒருவர் "என் பேச்சு எப்படி?" என்று பல்லைக் காட்டிக்கொண்டு கேட்டார். "நீளம்," என்று அந்த டச்சுக்காரர் பதில் சொன்னார். கோபமில்லை, கிண்டலில்லை, மணி கேட்டவனுக்கு மணி சொல்வது போலச் சொன்னார். பூசி மெழுகுவது என்றால் என்னவென்றே அந்த ஜனங்களுக்குத் தெரியாது என்று ஜெயலக்ஷ்மி அன்றைக்கு மனதில் குறித்துக்கொண்டாள்.

இந்தப் பக்கம் சாம்பசிவன். எதையும் பொறுத்துக்கொள்வார், ஒன்றைத் தவிர. சாப்பாட்டைக் குறை சொல்வதை. அன்னத்தைப் பழித்தால் பாவம் என்று அவர் அப்பா தலையில் குட்டிக் குட்டி வளர்த்திருந்தார். இரண்டு வருஷம் முன்பு கல்யாணராமன் என்ற தரகர் மீராவுக்கு ஒரு வரன் கொண்டுவந்தார். அமெரிக்கா வேலை, அழகான பையன், எல்லாம் பேசி முடிகிற நேரம். "பஜ்ஜில எண்ணெய் கொஞ்சம் ஜாஸ்தி ஆன்ட்டி," என்றான் பையன். சாம்பசிவன் சிரித்துக்கொண்டேதான் இருந்தார். வாசல்வரை போய் வழியனுப்பினார். அன்று சாயங்காலமே ஜாதகத்தை எடுத்துப் பார்த்து, போன வாரம் பொருந்தியிருந்த பத்துப் பொருத்தமும் இந்த வாரம் பொருந்தவில்லை என்று கண்டுபிடித்துவிட்டார். 'வேண்டாம்' என்பதை அவர் கிரகங்களை விட்டுச் சொல்லவைப்பார்.

ஜெயலக்ஷ்மியின் திட்டம் இவ்வளவுதான். பாயசத்தில் உப்பு. பெரிய உருளியில் வீட்டுக்காரர்களுக்கு நல்ல பால் பாயசம். சின்னத் தூக்குப்பாத்திரத்தில் விருந்தாளிக்கென்று தனியாக உப்புப் பாயசம். டச்சுக்காரன் ஒரு வாய் குடித்ததும் உப்பு என்பான், சொல்லாமல் இருக்க அவனால் ஆகாது. அதே சமயம் தன் டம்ளரில் அமிர்தத்தைக் குடித்துக்கொண்டிருக்கிற சாம்பசிவனுக்கு, இவன் வேண்டுமென்றே குறை சொல்கிறான் என்று தோன்றும். சாயங்காலம் ஜாதகம் சேராது. ஜாதகமே இல்லாதவனுக்கு அது எப்படிச் சேராமல் போகும் என்பதை அவர் பார்த்துக்கொள்வார்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பதினொரு மணி என்றால் பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்பு என்பது இந்தத் தெருவில் நாய்க்குட்டிக்கும் தெரியும். யோரிஸ் என்ற அந்தப் பையன் பதினொரு மணிக்கே வந்துவிட்டான். சாம்பசிவன் தலை நிறைய எண்ணெயும் இடுப்பில் ஈரிழைத் துண்டுமாக ஹாலில் நின்று பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

ஜெயலக்ஷ்மி மனதுக்குள் கை தட்டினாள். ஆனால் அவள் கணவர் நடுங்கிப்போய், "சாரி, சாரி, ரொம்ப சாரி. நான் லேட்," என்று விருந்தாளியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் மோசம். ஆறரை அடி உயரமுள்ள அந்தப் பையன், "நமஸ்காரம்," என்று சொல்லி, அப்படியே நெடுஞ்சாண்கிடையாகத் தரையில் விழுந்தான். மீரா பழக்கியிருக்கிறாள், ஆனால் ஹாலின் அளவைச் சொல்லவில்லை போலிருக்கிறது. தலை சோபாவுக்கு அடியில் போய்விட்டது, கால் இரண்டும் வாசற்படிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. தெருவில் போன பிஜி என்ற பால்காரன் சைக்கிளை நிறுத்தி, "எந்து பற்றி மாமி? ஆம்புலன்ஸ் விளிக்கணோ?" என்று மலையாளத்தில் பதறினான். சாம்பசிவனோ உருகிவிட்டார். எண்ணெய் சொட்டச் சொட்டக் கையைத் தூக்கி, "தீர்க்காயுஷ்மான் பவ," என்று ஆசீர்வாதம் பண்ணினார்.

பேச்செல்லாம் இங்கிலீஷில்தான் நடந்தது. நமக்கென்ன, தமிழிலேயே சொல்லிவிடலாம். யோரிஸ் பையைத் திறந்து ஒரு காலண்டரை எடுத்து நீட்டினான். அழகான காலண்டர், பூவும் காற்றாலையும் போட்டது. குடும்பத்தில் எல்லாருடைய பிறந்த நாளையும் மீராவிடம் கேட்டு அவனே அதில் எழுதியிருந்தான்.

"எங்கள் ஊரில் எல்லார் வீட்டிலும் இது உண்டு," என்றான். "கழிப்பறையில் மாட்டிவைப்போம்."

மீரா கண்ணை மூடிக்கொண்டாள். காலண்டரில் சாம்பசிவனின் அப்பா பெயரும் இருந்தது. ஜெயலக்ஷ்மிக்கு, பாயசத்துக்கே வேலையில்லாமல் போய்விட்டதோ என்று தோன்றியது.

சாம்பசிவன் காலண்டரை மேலும் கீழும் பார்த்தார். மென்று விழுங்கினார். "தினமும் தவறாமப் போற இடம். மறக்கவே மறக்காது. நல்ல யோசனையாக்கும்," என்றார்.

அடுக்களைக்குள் வந்த ஜெயலக்ஷ்மி தூக்குப்பாத்திரத்தைத் திறந்து இன்னொரு கரண்டி உப்பைப் போட்டாள். மீரா பின்னாலேயே வந்து, "அம்மா, அவனை வெறுதே ஒண்ணும் பண்ணாதே, ப்ளீஸ்," என்றாள். "நான் என்னடி பண்ணப்போறேன்? ஆத்துக்கு வந்தவனுக்குச் சோறு போடறேன்," என்றாள் அம்மா. முகத்தில் அத்தனை சாந்தம். இலாகா விருந்துகளில் பழகிய முகம் அது.

சாப்பாட்டு மேஜையில் இலை போட்டார்கள். யோரிஸ் இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டான். தப்பித் தவறி அது மேலே வந்துவிடக் கூடாதாம். அப்படிச் சாய்ந்து உட்கார்ந்திருந்ததில், இலையில் விழுந்த சாம்பார் எல்லாம் அவனுக்கு மட்டும் மேட்டில் ஓடுவது போலத் தெரிந்திருக்கும். பெரியவர் கை வைக்காமல் எதையும் தொடுவதில்லை. சாம்பசிவன் எரிசேரியைத் தொட்டால் இவனும் எரிசேரி. அவர் பப்படத்தை உடைத்தால் இவனும் உடைத்தான். அவர் ஒருதரம் மூக்கைச் சொறிந்தார், பையன் ஒரு கணம் யோசித்ததை ஜெயலக்ஷ்மி பார்த்தாள்.

"கொஞ்சம் அவியல் போடட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே போட்டாள் அவள்.

"போதும்," என்றான் அவன், தமிழில்.

நம்மிடம் முதல் 'போதும்' என்பது பேச்சின் ஆரம்பம். இரண்டாவது 'போதும்' வெட்கம். மூன்றாவதற்கு இலையைக் கையால் மறைத்தால்தான் பாதி நம்புவோம். ஜெயலக்ஷ்மி மறுபடியும் போட்டாள். எதையும் மிச்சம் வைக்கக் கூடாது என்பது அவன் அம்மா வளர்த்த வளர்ப்பு, அவன் வழித்துச் சாப்பிட்டான். காலியான இலையைப் பார்த்தால் கரண்டி தானாக நீளும் என்பது இவள் வளர்ப்பு, இவள் மறுபடியும் போட்டாள். கடைசியில் அவன் நிமிர்ந்து, "ஜெயலக்ஷ்மி, எனக்கு வயிறு வலிக்கிறது. நிஜமாகவே போதும்," என்றான்.

பெயரைச் சொல்லிவிட்டான்! மாமி இல்லை, ஆன்ட்டி இல்லை. மீரா மேஜைக்கு அடியில் அவன் காலை மிதித்தாள். ஜெயலக்ஷ்மி ஆவலாகக் கணவர் முகத்தைப் பார்த்தாள்.

"இவ்வளவு அழகாப் பேர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனை நாளாச்சு!" என்று சாம்பசிவன் சிரித்தார். "தம்பி, என்னையும் சாம்பசிவன்னே கூப்பிடு."

இந்த மனிதரை என்ன செய்வது? சரி, இருக்கவே இருக்கிறது பாயசம். அவள் உள்ளே போய்த் தூக்குப்பாத்திரத்திலிருந்து ஒரு வெள்ளி டம்ளர் நிறைய ஊற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். இன்னொரு கையில் தூக்குப்பாத்திரமும் இருந்தது. ஒரு வாயோடு நிறுத்திவிடாமல் இரண்டாம் முறையும் ஊற்ற வேண்டுமல்லவா, உபசாரம் என்றால் சும்மாவா.

"ஸ்பெஷலா உனக்குத்தான்," என்று சொல்லி யோரிஸ் முன்னால் வைத்தாள்.

அவன் வலது கையால் டம்ளரை எடுத்தான். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. மெல்ல எழுந்து, தலையைக் குனிந்து, அதைச் சாம்பசிவன் கையில் கொடுத்தான்.

"முதலில் நீங்கள்," என்றான்.

மீராவுக்குப் பெருமை தாங்கவில்லை. பெரியவருக்கு முன்னால் தொடாதே என்று அவள் சொல்லிக்கொடுத்ததை அவன் அட்சரம் பிசகாமல் செய்துவிட்டான். ஜெயலக்ஷ்மிக்கு முகத்தில் ஈயாடவில்லை. "அது... அது அவனுக்கு... உங்களுக்கு உள்ளே வேற இருக்கு," என்றாள்.

"குழந்தை மரியாதையாக் குடுக்கறான், நீ ஒண்ணு," என்று சாம்பசிவன் டம்ளரைத் தூக்கி, அண்ணாந்து, மடமடவென்று பாதியை உள்ளே விட்டார்.

தொண்டை ஏறி இறங்கியது. கண் லேசாகக் கலங்கியது. ஜெயலக்ஷ்மி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இப்போது துப்புவார், இப்போது கேட்பார், என்ன சொல்லிச் சமாளிப்பது?

சாம்பசிவன் டம்ளரைக் கீழே வைத்தார். "பேஷ்!" என்றார். "அமிர்தம்னா இதாக்கும்! ஜெயம், உன் கைக்குப் பொன் காப்புப் போடணும்."

கல்யாணமாகி முப்பது வருஷமாக ஒவ்வொரு விருந்திலும் அவர் சொல்கிற அதே வார்த்தைகள். அதே சிரிப்பு. அந்தப் பேஷைக் கேட்பதற்காகவே எத்தனை பண்டிகைக்கு இடுப்பு ஒடிய நின்றிருக்கிறாள். இரண்டு கரண்டி உப்பு. அதற்கும் பேஷா?

அவள் அசையாமல் நின்றதைப் பார்த்து மீராவே தூக்குப்பாத்திரத்தை வாங்கி யோரிஸுக்கு வேறொரு டம்ளரில் ஊற்றினாள். அவன் ஒரு வாய் குடித்தான். டம்ளரை வைத்தான்.

"இதில் உப்பு இருக்கிறது," என்றான். "நிறைய உப்பு. யாரோ டப்பாவை மாற்றி எடுத்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன்."

சாம்பசிவனின் சிரிப்பு மெல்லக் கழன்று விழுந்தது. முதுகு நிமிர்ந்தது. பஜ்ஜிக்காரப் பையன் வந்த நாளில் பார்த்த அதே நிமிர்வு. "தம்பி," என்றார், குரலில் தேன் தடவி. "எங்காத்துப் பாயசத்தை இதுவரைக்கும் யாரும் அப்படிச் சொன்னதில்லை. பரவாயில்லை. ஒவ்வொருத்தர் நாக்கு ஒவ்வொரு மாதிரி." பிறகு ஜெயலக்ஷ்மி பக்கம் திரும்பி, "அந்தப் பஞ்சாங்கம் எங்கே இருக்கு?" என்று கேட்டார்.

ஜெயித்தாகிவிட்டது. திட்டம் கோணலாகப் போய் நேரான இடத்தில் வந்து நின்றுவிட்டது. இனி அவள் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. வாயை மூடிக்கொண்டு பஞ்சாங்கத்தை எடுத்துக் கொடுத்தால் போதும், ராட்டர்டாம் மழையில் நனைகிற பெண் வேறு யார் பெண்ணாகவோ இருப்பாள். மீரா முகம் வெளிறி அப்பாவைப் பார்த்தாள். பஞ்சாங்கம் என்றால் என்ன அர்த்தம் என்று அந்த வீட்டில் வளர்ந்தவளுக்குத் தெரியாதா?

ஆனால் ஜெயலக்ஷ்மிக்கு இப்போது ராட்டர்டாம் கண்ணுக்குத் தெரியவில்லை. முப்பது வருஷத்துப் பேஷ்தான் வரிசையாக வந்து நின்றது. அவளுக்கு வந்த ஆத்திரத்தில் காது மடல்கூடச் சிவந்துவிட்டது.

"உப்புதான்," என்றாள். "பையன் சொல்றது சரி. நானாக்கும் போட்டேன். ரெண்டு கரண்டி."

"ஜெயம்?"

"நீங்க குடிச்சேள். பேஷ்ன்னேள். உங்களுக்கு உப்புத் தெரியலையா?"

சாம்பசிவன் அசடு வழிந்தார். "கொஞ்சம்... லேசா... ஒரு மாதிரி தெரிஞ்சுது."

"அப்போ தீபாவளிக்கு நான் பண்ற மைசூர்பாக்?"

"அது நன்னா இருக்குமே."

"உண்மையைச் சொல்லுங்கோ."

அவர் மகளைப் பார்த்தார், டச்சுக்காரனைப் பார்த்தார், எந்தப் பக்கத்திலிருந்தும் உதவி வரவில்லை. "கொஞ்சம் கட்டியா இருக்கும்," என்றார். "ரெண்டு வருஷம் முன்னாடி பல் டாக்டர்ட்ட போனேனே..."

"பாக்கு கடிச்சதாலேன்னேளே!"

"பாக்குன்னுதான் சொன்னேன்."

"அப்போ வத்தக்குழம்பு?"

"வத்தக்குழம்பு சத்தியமா நன்னா இருக்கும்," என்றார் சாம்பசிவன் அவசரமாக. பாவம், அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இனி யார் நம்புவது?

"இப்படி ஒரு பொய்யா! அன்னத்தைப் பழிச்சாப் பாவம், சரி. என்னை ஏமாத்தினா அது புண்ணியமா?" என்று கேட்டாள். அவளுக்கு நிஜமாகவே வலித்தது.

அடி வாங்கிக்கொண்டே இருந்தவர் திடீரென்று நிமிர்ந்தார். "நீ மட்டும் என்னவாம்? காலம்பர நான் பாடறப்போ நன்னா இருக்குங்கறயே, அது?"

எல்லாம் உடைந்த பிறகு இனி எதற்குத் தயங்குவது என்று ஜெயலக்ஷ்மி, "தினமும் அந்நேரத்துக்கு நான் மிக்ஸி போடறது எதுக்குன்னு நினைச்சேள்? நம்மாத்துல யாரு அத்தனை சட்னி சாப்பிடறா?" என்றாள்.

மீராவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினாள். யோரிஸ் என்ன நடக்கிறது என்று அவளிடம் கேட்டான். அவள் மூச்சு வாங்கிக்கொண்டே இங்கிலீஷில் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஜெயலக்ஷ்மியைப் பார்த்து, "ஆனால் உப்பை எதற்குப் போட்டீர்கள்?" என்றான்.

இதுதான் அந்த ஊர்க்காரர்களிடம் உள்ள தொல்லை. நம்மவர்களாக இருந்தால் ஊகித்துக்கொண்டு, சட்டென்று மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்திருப்பார்கள். இவன் கேட்டுவிட்டுப் பதிலுக்காக உட்கார்ந்திருந்தான். மீராவும் தலையை நிமிர்த்தினாள். சிரிப்பு நின்றுவிட்டது.

ஜெயலக்ஷ்மி தூக்குப்பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே இங்கிலீஷில் சொன்னாள். "நீ ஏதாவது தப்பாச் சொல்லணும், இவர் வேண்டாம்னு சொல்லணும்னுதான். உன்மேல எனக்குக் கோபம் இல்லை. அவ அத்தனை தூரம் போறதை என்னால தாங்க முடியாது. அவ்வளவுதான்."

சொல்லிவிட்டாள். இத்தனை நாளும் கோயிலில், தெருவில், டெலிபோனில் ஒருவரிடமும் சொல்லாததை, கழிப்பறைக் காலண்டரோடு வந்த ஒருவனிடம் சொல்லிவிட்டாள்.

சாம்பசிவன் உடனே, "தூரம் என்ன தூரம், இப்பல்லாம் வீடியோ..." என்று ஆரம்பித்தார். யோரிஸ் குறுக்கே பேசினான். பெரியவர் பேசும்போது குறுக்கிடக் கூடாது என்ற பாடம் அந்த நிமிஷத்தில் அவனுக்கு மறந்துபோயிற்று.

"தூரம்தான்," என்றான். "இங்கே வேலை அடுத்த வருஷம் முடிகிறது, அதற்குப் பிறகு நாங்கள் போய்விடுவோம். வருஷத்துக்கு ஒரு தடவை வரப் பார்ப்போம். சில வருஷம் அதுவும் முடியாமல் போகும். வீடியோ கால் போதாது. நான் இங்கே வந்ததிலிருந்து என் அம்மா ஒவ்வொரு தடவையும் போனை வைத்த பிறகு அழுகிறாள், அப்பா சொல்லுவார். உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். கஷ்டமாகத்தான் இருக்கும்."

ஜெயலக்ஷ்மி அழுதாள். வெளிநாட்டு விருந்தாளி முன்னால், இலை எடுக்காத மேஜைக்குப் பக்கத்தில் நின்று, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தெருவுக்குக் கேட்கிற மாதிரி அழுதாள். தேற்ற வந்தவர்கள் எல்லாரும் அவளை அழவிடாமலே போய்க்கொண்டிருந்தார்கள். கஷ்டமாகத்தான் இருக்கும் என்று ஒருவன் சொன்ன பிறகுதான் அவளுக்கு அழ வந்தது. மீரா ஓடிவந்து எச்சில் கையோடு கட்டிக்கொண்டாள், நல்ல புடவையெல்லாம் ரசம். அதை இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

சாம்பசிவன் காய்ந்துபோன கையை இலைமேலிருந்து எடுத்தார். "ஜெயம், இப்போ நான் என்ன சொல்லணும்?" என்றார்.

"சம்மதமா இல்லையான்னு சொல்லுங்கோ. ஆனா ஒண்ணு. மரியாதைக்குச் சொல்லப்படாது."

"அப்படின்னா யோசிக்கணும்," என்றார்.

அவர் உண்மையாகவே யோசித்தார். யோசிக்க யோசிக்க முகம் ஒரு மாதிரி ஆகிக்கொண்டு வந்தது.

"எனக்கு மனசில்லை," என்றார் கடைசியில். "அன்னிக்கு இவ வந்து சொன்னப்பவே மனசில்லை. சாயங்காலம் இவ ஸ்கூட்டர் சத்தம் கேக்காட்டா எனக்குக் காப்பிகூட இறங்காது. குழந்தை முகத்துக்கு நேரே எப்படி வேண்டாம்ங்கறதுன்னு சரின்னுட்டேன்."

"அப்பா..." என்றாள் மீரா.

"இரு, முடிக்கலை. பையனை எனக்குப் பிடிச்சிருக்கு. அதையும் மரியாதைக்குச் சொல்லலை."

மீரா அதை இங்கிலீஷில் சொல்ல, யோரிஸ் அவளைப் பார்த்தான். "இது சம்மதமா, இல்லையா?" என்று கேட்டான். மீராவுக்கே தெரியவில்லை. அவள் அம்மாவைப் பார்த்தாள்.

ஜெயலக்ஷ்மி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சம்மதம்தான்," என்றாள். "ஆனா எங்களுக்குச் சந்தோஷம் இல்லைன்னு அவன்கிட்ட சொல்லு. கல்யாணத்தன்னிக்கும் இருக்காது. இந்த வார்த்தையை அப்படியே சொல்லணும், நீயா ஒண்ணும் நல்லதாச் சேர்க்காதே."

மீரா அவனிடம் சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தி, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பரவாயில்லை," என்றான் யோரிஸ். "மிச்சம் எனக்குப் புரிகிறது."